கிரிம்ப் போட்டால் குரூப் சுருங்குமா, விரியுமா?

.308 வின்செஸ்டர் போல்ட் ஆக்ஷன் ரைஃபிளுக்குத் தானே தோட்டா ரீலோடு செய்துகொள்ளும் (சுட்டுமுடித்த கேஸில், அதாவது பித்தளைக் கூட்டில், புது மருந்தும் குண்டும் போடும்) ஒருவரின் கேள்வி இது: குண்டை உட்காரவைத்த பிறகு கேஸின் வாயைக் கிரிம்ப் செய்ய, அதாவது குண்டின் மேல் உள்நோக்கி அழுத்திவிட, வேண்டுமா, வேண்டாமா? செய்தால் துல்லியம் கூடும் என்று ஒருவர் சொல்கிறார், கெட்டுப்போகும் என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார், இரண்டு பேருமே பல வருடம் சுட்டவர்கள். யாரை நம்புவது?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் துப்பாக்கியில், அவரவர் டார்கெட்டில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பார்த்த மாற்றத்துக்குக் காரணம் கிரிம்ப்தானா என்று இருவரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ரைஃபிளுக்குக் கிரிம்ப் தேவையில்லை. கிரிம்ப் என்பது குண்டு இருந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கப் போடுகிற பூட்டு. ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே மாதிரி விழுந்த கிரிம்ப் குரூப்பை, அதாவது டார்கெட்டில் விழும் ஓட்டைகளின் கூட்டத்தை, பெரிதாகக் கெடுப்பதில்லை. தோட்டாவுக்குத் தோட்டா வேறுமாதிரி விழுந்த கிரிம்ப் நிச்சயம் கெடுக்கும். 'கிரிம்ப் கெடுத்தது', 'கிரிம்ப் காப்பாற்றியது' என்று சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு மேல் கேஸின் நீளமோ, குண்டு உட்கார்ந்த ஆழமோ மாறிய கதைகள்.

குண்டைப் பிடித்திருப்பது கிரிம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை, கழுத்துதான் பிடித்திருக்கிறது. .308 குண்டின் விட்டம் 7.82 மி.மீ. சைஸ் செய்த (டை என்ற அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குச் சுருக்கிய) கேஸின் கழுத்தின் உள்விட்டம் அதைவிட ஒரு முடி அளவு குறைவாக, சுமார் 7.77 மி.மீ. இருக்கும். அந்த 0.05 மி.மீ. வித்தியாசத்தில் குண்டை உள்ளே தள்ளும்போது பித்தளைக் கழுத்து விரிந்துகொடுத்து, திரும்பிச் சுருங்கப் பார்த்து, குண்டை இறுக்கிப் பிடிக்கிறது. .308-இன் கழுத்து நீளம் ஏறக்குறைய 7.7 மி.மீ., அவ்வளவு நீளத்துக்கும் சுற்றிலும் பிடிப்பு இருக்கிறது. கிரிம்ப் பிடிப்பதோ வாயின் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும். கழுத்துப் பிடிப்பு தளர்ந்துபோன தோட்டாவுக்குக் கிரிம்ப் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைப்பது, ஆடுகிற கதவுக்குக் கீலை மாற்றாமல் தாழ்ப்பாளை மட்டும் பெரிதாக்குவது மாதிரி.

கழுத்துப் பிடிப்பு ஏன் தளரும்? பல முறை சுட்டுச் சைஸ் செய்த பித்தளை கெட்டித்துப்போகும். கெட்டித்த பித்தளை சைஸ் டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் அதிகமாகவே திரும்பி விரியும், அதனால் பிடிப்பு குறையும். ஒரே பெட்டியில் இருக்கும் கேஸ்களில் சில மூன்று முறை சுட்டவை, சில எட்டு முறை சுட்டவை என்றால் ஒவ்வொன்றும் குண்டை ஒவ்வொரு பலத்தோடு பிடித்திருக்கும். அனீலிங், அதாவது கழுத்தைச் சூடாக்கி மறுபடி மென்மையாக்குவது, இதற்குத்தான். கழுத்துச் சுவரின் தடிமன் மாறினாலும் இதே பிரச்சினை வரும். கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் பந்து அளவுக்கு மேல் பெரிதாக இருந்தாலும் வரும். அப்போது பந்தைக் கழற்றி, சாண்ட்பேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து விட்டத்தைக் குறைப்பது பழைய வழி, இன்றும் வேலை செய்கிறது. புஷிங் டை (கழுத்தைச் சுருக்கும் வளையத்தை மாற்றிப் போடக்கூடிய டை) வைத்திருப்பவர்கள் ஒரு அளவு சிறிய புஷிங் போட்டால் போதும். இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கிரிம்பைப் பற்றிப் பேசவே வேண்டும் என்பது என் எண்ணம்.

துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களைப் பாருங்கள். துல்லியத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள் அவர்கள், கிரிம்ப் போடுவதே கிடையாது. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் எடுத்து ஒன்றொன்றாகச் சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், வைக்கிறார்கள். மேகசினில் இடிபடுவது இல்லை, ஸ்பிரிங் தள்ளுவது இல்லை. அதனால் லேசான கழுத்துப் பிடிப்பே அவர்களுக்குப் போதும். பலர் குண்டை, குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளான ரைஃபிளிங்கைத் தொடும் அளவுக்கு வெளியே தள்ளி உட்காரவைக்கிறார்கள். அப்படித் தொட்டுக்கொண்டிருக்கும் குண்டுக்கு முதல் எதிர்ப்பை ரைஃபிளிங்கே கொடுத்துவிடுகிறது. கிரிம்ப் கொடுக்கவேண்டியது எதுவும் மிச்சமில்லை.

அப்புறம் யாருக்குத்தான் கிரிம்ப் வேண்டும்? முதலில் குழாய் மேகசின் உள்ள லீவர் ஆக்ஷன் துப்பாக்கிகளுக்கு. 1894 மாடல் வின்செஸ்டரும் அதற்காக 1895-இல் வந்த .30-30 தோட்டாவும் இதற்கு நல்ல உதாரணம். குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொரு குண்டின் மூக்கும் முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் முட்டிக்கொண்டிருக்கிறது, முன்பக்கத்திலிருந்து ஸ்பிரிங் ஓயாமல் அழுத்துகிறது. சுடும்போது உதை வேறு. இதில் குண்டு கேஸுக்குள் நழுவிப்போனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்து பிரஷர் ஏறும், தோட்டாவின் நீளம் குறைந்து ஆக்ஷனும் சிக்கும். குண்டைச் சுற்றி ஓடும் கேனலூர் என்ற பள்ளத்தில் அழுத்திய நல்ல ரோல் கிரிம்ப் (வாயை உள்ளே மடிப்பது) இங்கே கட்டாயம்.

இரண்டாவது, பலமாக உதைக்கும் பெரிய ரைஃபிள்கள். 1912-இல் வந்த .375 எச் அண்ட் எச், 1956-இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னம் போன்றவை. முதல் தோட்டாவைச் சுட்டதும் ரைஃபிள் சட்டென்று பின்னால் வருகிறது, மேகசினில் இருக்கும் மற்ற தோட்டாக்களோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன, விளைவாக மேகசினின் முன்சுவர் வந்து குண்டின் மூக்கில் மோதுகிறது. இரண்டு மூன்று முறை இப்படி மோதினால் கடைசித் தோட்டாவில் குண்டு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு உள்ளே போயிருக்கும். இரட்டைக்குழல் ரைஃபிளில் இதற்கு நேர் எதிர்: சுடாத குழலில் இருக்கும் தோட்டாவின் கேஸ் துப்பாக்கியோடு பின்னால் வருகிறது, கனமான குண்டு நின்ற இடத்தில் நிற்கப் பார்த்து வெளியே எட்டிப்பார்க்கிறது.

மூன்றாவது செமி ஆட்டோமேடிக், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது. போல்ட் வேகமாக மூடும்போது குண்டின் மூக்கு சேம்பருக்கு வழிகாட்டும் சரிவான ஃபீட் ராம்பில் இடிக்கலாம், அது குண்டை உள்ளே தள்ளும். பிறகு கேஸின் தோள் சேம்பரில் முட்டி நிற்கும் நொடியில் குண்டு அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும், அது குண்டை வெளியே இழுக்கும். அமெரிக்க ராணுவத்தின் 5.56 மி.மீ. எம்193 தோட்டாவில் கேனலூரும் கிரிம்பும் இருப்பது இதனால்தான். ஆனால் ஏஆர்-15 என்ற செமி ஆட்டோ ரைஃபிள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கிரிம்ப் போட்டே ஆகவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கழுத்துப் பிடிப்பு சரியாக இருந்தால் பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. உங்கள் துப்பாக்கியில் போதுமா என்று அளந்து பார்த்துவிடலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, துல்லியத்துக்கு வருவோம்.

கிரிம்ப் நல்லது செய்கிற வழி ஒன்று உண்டு, அது கற்பனை இல்லை. கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வெடித்ததும் அதன் வாயு மட்டுமே குண்டை அசைத்துவிடப் போதுமான பலம் உள்ளது. மருந்து சரியாகத் தீப்பிடிக்கும் முன்பே குண்டு கழுத்தை விட்டு நழுவினால் உள்ளே இடம் பெரிதாகிறது, பிரஷர் ஏறும் விதம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறுபடுகிறது, அதனால் வேகமும் வேறுபடுகிறது. குண்டைக் கொஞ்சம் தாமதிக்கவைத்தால் மருந்து ஒரே சீராக எரிய அவகாசம் கிடைக்கும். ஆனால் இந்தப் பலன் எங்கே தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும். கேஸ் சிறியது, கழுத்துச் சுவர் மெல்லியது, தீப்பிடிக்கச் சிரமப்படும் மருந்து, கேஸ் முழுக்க நிரம்பாத அளவு: இவை சேரும் இடத்தில்தான் தெரியும். .22 ஹார்னெட் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். அந்த மெல்லிய கழுத்தால் பலமாகப் பிடிக்கவே முடியாது, லேசான கிரிம்ப் போட்டதும் வேகம் சீராகிக் குரூப் சுருங்கியதாகச் சொல்பவர்கள் நிறைய. .308 அப்படிப்பட்டதல்ல. கழுத்து போதுமான நீளம், மருந்து கேஸை ஏறக்குறைய நிரப்பிவிடும், நல்ல கழுத்துப் பிடிப்போடு சேர்ந்தால் தீ ஒழுங்காகவே பிடிக்கும். கிரிம்ப் சேர்ப்பதற்கு அங்கே கொஞ்சமே இடம் இருக்கிறது.

வேகம் சீராவதால் குரூப் எவ்வளவு சுருங்கும் என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.13 நொடி எடுக்கும். அதற்குள் அது விழும் ஆழம் 8 செ.மீ. சொச்சம். வேகம் 10 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ அந்த விழுச்சியில் வரும் மாற்றம் 2 மி.மீ. தான். குண்டு போட்ட ஓட்டையைவிடச் சிறியது. ஆகவே 100 மீட்டரில் சுட்டுவிட்டு, 'கிரிம்ப் போட்டதும் வேகம் சீராச்சு, குரூப் பாதியாச்சு' என்று யாராவது சொன்னால், குரூப் பாதியானது உண்மையாக இருக்கலாம், காரணம் அதுவாக இருக்க முடியாது. அதே 10 மீட்டர் வித்தியாசம் 900 மீட்டரில் ஏறக்குறைய கால் மீட்டர் மேலும் கீழுமாகச் சிதறும். தூரம் போகிறவர்கள் வேகத்தைச் சீராக்க உயிரை விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர்களும் அதை அனீலிங்கிலும் மருந்தை எடைபோடுவதிலும்தான் தேடுகிறார்கள், கிரிம்பில் அல்ல.

கெடுக்கும் வழிகள் இதைவிட அதிகம், எனக்கு நேரடியாகப் பழக்கமானவையும் அவைதான்.

முதலாவது கேஸ் நீளம். ரோல் கிரிம்ப் போடும் டையின் உள்ளே ஒரு படி இருக்கிறது, கேஸின் வாய் அதில் முட்டி உள்நோக்கி மடிகிறது. டையை ஒரு உயரத்தில் நிறுத்திவிட்டால், நீளமான கேஸ் அந்தப் படியில் அதிகமாக முட்டும், குட்டையான கேஸ் தொட்டும் தொடாமலும் வெளியே வரும். .30-30 கேஸின் உச்ச நீளம் 2.039 அங்குலம், வெட்டி வைக்கவேண்டிய நீளம் 2.029. இந்த 0.010 அங்குலம், அதாவது கால் மி.மீ., கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் கிரிம்பின் மடிப்பே அந்த அளவுதான்.

இதை நான் கற்றது ஒரு பழைய .30-30 லீவர் துப்பாக்கியில். ஒரே மருந்து, ஒரே குண்டு, ஆனால் குரூப் நெட்டுக்குத்தாக நீண்டுகொண்டே இருந்தது. மருந்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் சுடாமல் மீதமிருந்த தோட்டாக்களை விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது வாய்கள் வேறுவேறாக இருந்தது தெரிந்தது. ஒன்றில் வாயின் ஓரம் கேனலூருக்குள் முழுக்க மடிந்து மறைந்திருந்தது, பக்கத்தில் நின்றதில் ஓரம் நேராக நின்று, விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் தட்டியது. ஆறு தோட்டாக்களைப் பிரித்துக் குண்டுகளை எடுத்தேன். இரண்டு குண்டுகளில் ஜாக்கெட்டைச் சுற்றி ஆழமான வளையம், நகம் உள்ளே இறங்கியது. மூன்றில் லேசான கோடு. ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் கோடு, மறுபக்கம் ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்தக் கேஸின் வாய் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. எல்லாக் கேஸையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, அதே டையில் அதே மருந்தோடு மறுபடி செய்தேன். நெட்டுக்குத்தான நீளல் போய்விட்டது. கிரிம்பை நான் நிறுத்தவில்லை, அந்தத் துப்பாக்கியில் நிறுத்தவும் முடியாது. ஒன்றுபோல் ஆக்கினேன், அவ்வளவுதான்.

இரண்டாவது, குண்டையே நசுக்குவது. போட்டிக்கான மேட்ச் குண்டுகளில் பெரும்பாலும் கேனலூர் இருக்காது. வழவழப்பான ஜாக்கெட்டின் மேல் பலமாகக் கிரிம்ப் போட்டால் பித்தளை போக இடமில்லாமல் ஜாக்கெட்டை அமுக்கும், உள்ளே இருக்கும் ஈயமும் அமுங்கும். குண்டு செய்பவர்கள் ஜாக்கெட்டின் சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்கப் பாடுபட்டுச் செய்ததை, நாம் பிரஸ்ஸின் கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்திக் கெடுத்துவிடுகிறோம். சுற்றிலும் சமமாக அமுங்கினாலாவது பரவாயில்லை, ஒரு பக்கம் அதிகமாக அமுங்கினால் குண்டின் எடை மையம் தள்ளிப்போகும், நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றும் ஒரு பொருளுக்கு அது நல்லதில்லை.

இதிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது, பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: அதிகமாகக் கிரிம்ப் போட்டால் பிடிப்பு குறையலாம். பித்தளைக்கு ஸ்பிரிங் குணம் உண்டு, ஈயத்துக்குக் கிடையாது. இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு விடும்போது பித்தளை கொஞ்சம் திரும்பி வருகிறது, அமுங்கிய ஈயம் அமுங்கியபடியே இருக்கிறது. நடுவே இடைவெளி விழுகிறது. கிரிம்புக்கு முன்னால் அசையாமல் இருந்த குண்டு, கிரிம்புக்குப் பின்னால் விரலால் திருகினால் சுற்றும். 'இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்கும்' என்று டையை மேலும் இறக்கினால் மேலும் தளரும். ரோல் கிரிம்பில் அதற்கு அடுத்த கட்டம், கேஸின் தோள் பிதுங்குவது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிதுங்கியிருந்தாலும் சேம்பரில் போல்ட்டை மூடும்போது கைக்குத் தெரியும். அந்தத் தோட்டாவைச் சுடாதீர்கள், பிரித்துவிடுங்கள்.

மூன்றாவது, எனக்கு இருப்பதிலேயே முக்கியமாகப் படுவது: கேனலூர் இருக்கும் இடம் உங்கள் கையில் இல்லை. கேனலூரில்தான் கிரிம்ப் போடவேண்டும் என்று முடிவெடுத்த கணமே, குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்காரவேண்டும் என்பதைக் குண்டு செய்தவர் முடிவெடுத்துவிட்டார். உங்கள் ரைஃபிளின் ரைஃபிளிங் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. குண்டின் தோளுக்கும் (மூக்கு ஒடுங்கத் தொடங்கும் இடம்) ரைஃபிளிங்குக்கும் இடையே உள்ள தாவல் தூரத்தை மாற்றிப் பார்ப்பது, போல்ட் ஆக்ஷன்காரருக்குக் கிடைக்கும் மிகப் பலனுள்ள கருவிகளில் ஒன்று. கிரிம்ப் அந்தக் கருவியைக் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. 'கிரிம்ப் போட்டேன், குரூப் விரிந்தது' என்பவரிடம் தோட்டாவின் மொத்த நீளம் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் கேனலூரைப் பிடிப்பதற்காகக் குண்டை உள்ளே தள்ளியிருப்பார். சில சமயம் அந்தப் புதிய ஆழம் தற்செயலாக அந்தக் குழலுக்குப் பிடித்துப்போய்க் குரூப் சுருங்கியிருக்கும், அப்போது பாராட்டு கிரிம்புக்குப் போய்விடும்.

கேனலூர் என்றாலே துல்லியம் போச்சு என்பதும் உண்மை இல்லை. அமெரிக்க ராணுவத்தின் எம்கே 262 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 77 கிரெயின் எடையுள்ள சியரா மேட்ச்கிங் குண்டு போட்ட 5.56 அது, துல்லியத்துக்காகவே வந்தது. முதலில் வந்த மாட் 0 வடிவில் குண்டுக்குக் கேனலூர் இல்லை, பின்னால் வந்த மாட் 1-இல் கிரிம்ப் போடுவதற்காகக் கேனலூர் சேர்த்தார்கள். துல்லியம் வேண்டிய அதே வேலைக்கு அது தொடர்ந்து பயன்பட்டது. சீராக உருட்டிய ஆழமில்லாத பள்ளமும் அளவான கிரிம்பும் ஒரு நல்ல குண்டைப் பாழாக்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிரிம்ப் வகைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ரோல் கிரிம்பில் வாய் உள்நோக்கி மடிகிறது, கேனலூரோ வார்ப்பு ஈயக் குண்டின் பள்ளமோ கட்டாயம் வேண்டும். டேப்பர் கிரிம்பில் வாய் மடிவதில்லை, கடைசிப் பகுதி மட்டும் சரிவாக ஒடுங்குகிறது, செமி ஆட்டோவுக்கு நல்லது. மூன்றாவது காலெட் வகை, லீ கம்பெனியின் ஃபேக்டரி கிரிம்ப் டை என்ற பெயரில் பிரபலமானது. இதில் பிளவுபட்ட காலெட்டின் விரல்கள் பக்கவாட்டிலிருந்து வந்து வாயை அமுக்குகின்றன, மேலிருந்து தள்ளுவது இல்லை. அதனால் தோள் பிதுங்கும் ஆபத்து குறைவு, கேஸ் நீளத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் கிரிம்ப் ஓரளவு ஒன்றுபோல் விழும். கேனலூர் இல்லாத குண்டுக்கும் போடலாம், துல்லியம் கூடும் என்பது அந்தக் கம்பெனியின் வாதம். லேசாகப் போட்டால் கெடுதல் இல்லை என்பது என் அனுபவம். கூடும் என்பதை .308-இல் நான் பார்த்ததில்லை. ரைஃபிளுக்குக் கிரிம்ப் போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் நான் கையில் எடுப்பது இந்த வகையைத்தான். இதே பெயரில் கைத்துப்பாக்கிக்கு வரும் கார்பைடு டை வேறு பொருள், முழுத் தோட்டாவையும் ஒருமுறை சைஸ் செய்யும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எந்த வகையானாலும் குண்டை உட்காரவைப்பதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே அழுத்தில் செய்யாதீர்கள். ஒரே டையில் இரண்டும் நடக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும், நடக்கும்தான். ஆனால் குண்டு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூட ஆரம்பிக்கிறது, ஓரம் ஜாக்கெட்டைச் சுரண்டுகிறது, குண்டு சாய்ந்து உட்கார்கிறது. முதலில் எல்லாத் தோட்டாவிலும் குண்டை உட்காரவைத்து முடியுங்கள். பிறகு குண்டை அழுத்தும் சீட்டிங் ஸ்டெம்மைத் தூக்கிவிட்டு, டையை இறக்கி, தனியாகக் கிரிம்ப் போடுங்கள். நேரம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை.

இப்போது அளந்து பார்ப்பது. உங்கள் துப்பாக்கிக்குக் கிரிம்ப் தேவையா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தைக் காலிப்பரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கம்பாரேட்டர் (காலிப்பரில் மாட்டும் துணைக்கருவி) இருந்தால் குண்டின் தோளிலிருந்து அளப்பது இன்னும் சரி, ஏனென்றால் மூக்கு நுனி குண்டுக்குக் குண்டு மாறும். அந்தத் தோட்டாவை மேகசினின் கடைசியில் வைத்து, மேலே உள்ளவற்றைச் சுடுங்கள். வெளியே எடுத்து மறுபடி அளங்கள். செமி ஆட்டோ என்றால், மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டா ஒன்று செய்து, போல்ட்டைத் தன் வேகத்திலேயே விட்டுச் சேம்பரில் ஏற்றி இறக்கி அளங்கள். நீளம் மாறவில்லை என்றால் கழுத்துப் பிடிப்பே போதும், கிரிம்பை மறந்துவிடலாம். மாறியிருந்தால் முதலில் கழுத்துப் பிடிப்பைச் சரிசெய்யுங்கள், அப்படியும் மாறினால் கிரிம்ப். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். அதன் கழுத்து 0.264 அங்குலம்தான், குண்டின் விட்டத்தைவிடக் குறைவு, உதையோ அதிகம்.

துல்லியம் மாறியதா என்று பார்ப்பது இதைவிடச் சிரமம், பெரும்பாலோர் ஏமாறுவதும் இங்கேதான். மூன்று குண்டு கிரிம்போடு, மூன்று குண்டு கிரிம்ப் இல்லாமல் சுட்டு, எது சிறியதோ அதுதான் சிறந்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஒரே மாதிரித் தோட்டாவையே ஐந்து ஐந்தாகப் பத்து முறை சுட்டுப் பாருங்கள், குரூப்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரியும். ஒன்று இன்னொன்றைவிட ஒன்றரை மடங்கு இருப்பது சாதாரணம், எதையும் மாற்றாமலேயே. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் எண்களும் அப்படித்தான். ஐந்து குண்டு சுட்டு வேகத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 5 என்று வந்தால், உண்மையான மதிப்பு 3-க்கும் 14-க்கும் இடையே எங்கேயோ இருக்கிறது என்றுதான் நம்பிக்கையோடு சொல்ல முடியும். ஐந்து குண்டில் 5-உம் 8-உம் ஒன்றுதான்.

ஆகவே குறைந்தது இருபது இருபது. ஒரே தடவை சேர்ந்து வாங்கிய கேஸ்கள், ஒரே எண்ணிக்கையில் சுட்டவை, ஒரே நீளத்துக்கு வெட்டியவை. இரண்டு வகையிலும் குண்டின் ஆழம் ஒன்றாக இருக்கட்டும், இதை விட்டால் சோதனையே வீண். கிரிம்ப் உள்ளதை முதலில் முழுக்கச் சுட்டுவிட்டு இல்லாததைப் பின்னால் சுடாதீர்கள், குழல் சூடாகும், காற்று மாறும், தோள் களைக்கும். ஒன்றுமாற்றி ஒன்றாக இரண்டு டார்கெட்டில் சுடுங்கள். என்னோடு சுடும் ஒரு நண்பர் .308-இல் கிரிம்ப் போட்டால் குரூப் மூன்றில் ஒரு பங்கு சுருங்குவதாக உறுதியாக இருந்தார். ஒருநாள் இருவரும் உட்கார்ந்து இப்படி மாற்றி மாற்றிச் சுட்டோம், எந்தப் பெட்டி எது என்று அவருக்குத் தெரியாதபடி நான் எடுத்துக் கொடுத்தேன். சுட்டு முடித்து டார்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். எது கிரிம்ப் என்று சொல்ல அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று விட்டுப்போகக் கூடாது. கிரிம்ப் இல்லாமல் செய்து பார்த்து உச்ச அளவுக்குப் பக்கத்தில் நிறுத்திய மருந்து அளவோடு அப்படியே கிரிம்ப் சேர்க்காதீர்கள். குண்டு கிளம்பத் தாமதமானால் பிரஷர் கூடும். எவ்வளவு கூடும் என்பது மருந்தையும் குண்டையும் பொறுத்தது. மேனுவலில் சொன்ன தொடக்க அளவுக்குத் திரும்பிப்போய், கேஸின் அடியையும் பிரைமரையும் பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற்றி வாருங்கள். வேகம் மாறினால் குழல் அதிரும் நேரமும் குண்டு வெளியேறும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்துவது மாறும், அதனால் முன்பு நன்றாகச் சுட்ட அளவு இப்போது நன்றாகச் சுடாமல் போகலாம், வேறொரு அளவு சுடலாம். இதுவும் 'கிரிம்ப் கெடுத்தது' என்ற கதைகளுக்கு ஒரு மூலம்.

உங்கள் .308-க்குத் திரும்பி வருகிறேன். கேஸ்களை 2.005 அங்குலத்துக்கு வெட்டுங்கள், இரண்டு மூன்று முறை சுட்டதும் அனீல் செய்யுங்கள், கழுத்துப் பிடிப்பை 0.05 மி.மீ. பக்கத்தில் வையுங்கள், குண்டின் ஆழத்தை மாற்றி மாற்றி உங்கள் குழலுக்குப் பிடித்ததைக் கண்டுபிடியுங்கள். மேகசினில் வைத்துச் சுட்டு நீளத்தை அளந்து, அது மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரிம்ப் டையை எடுத்து வைத்துவிடலாம். என்றைக்காவது லீவர் துப்பாக்கி ஒன்று வாங்கினால் அப்போது எடுங்கள், எடுக்கும் முன் கேஸ் வெட்டும் கருவியை எடுங்கள்.